மார்ச் பதினான்கு, மூன்று பன்னிரண்டு

தியான் ஷானில்
மூவாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில்
ஓர் ஏரி. வரைபடத்தில் பெயரில்லை,
எண் உண்டு: நாற்பத்தொன்று.
பனியாறு உருகி நிரப்புகிறது.
கரை உடைந்தால் இருபது நிமிடத்தில்
ஊருக்குள் வந்துவிடும்.

அதன் மட்டம் அளக்க
உள்ளங்கை அகலக் கணினியைப் பெட்டியில் அடைத்து,
கம்பத்தில் கட்டி,
சூரியத் தகட்டைத் தெற்கே திருப்பிவிட்டு
செப்டம்பரில் இறங்கி வந்தோம்.

ஜூனில் குதிரையேறிப் போனால்
தகடு வடக்கே பார்க்கிறது.
காற்று, என்றேன்.
சாத்திபால்தி கம்பத்தைச் சுற்றிவந்து
ஒரு கற்றைக் கறுப்பு மயிரை
உருவிக் காட்டினார்.

பெட்டிக்குள் விளக்கு எரிந்தது.
தேதி கேட்டேன்.
மார்ச் பதினான்கு, அதிகாலை மூன்று பன்னிரண்டு.
அணைத்துப் போட்டேன்.
மார்ச் பதினான்கு, அதிகாலை மூன்று பன்னிரண்டு.
ஒரு கோப்பு எழுதினேன்; எழுதிவிட்டேன் என்றது.
அணைத்துப் போட்டேன். கோப்பு இல்லை.

மெமரி கார்டு செத்துவிட்டது என்போம்.
சாகவில்லை.
படிக்கத் தரும், எழுத விடாது.
தெரிந்தது அத்தனையும் தெரியும்,
புதிதாய் ஒன்றும் ஏறாது.
அமைச்சகத்தில் இப்படிப்பட்டவர்களோடு
பேசிப் பழகியிருக்கிறேன்.

ஆனால் தினமும் ஓர் எண் வந்ததே.
இரண்டு புள்ளி மூன்று ஒன்று.
ஏப்ரல் முழுக்க. மே முழுக்க.
கடைசியாய் எழுதியதை எடுத்து
ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.
ஏரி அமைதியாக உள்ளது என்று
பிஷ்கெக்கில் அறிக்கை போனது,
கீழே கையெழுத்து: புருல்சா.
நான்தான்.

பாறையில் வண்டல் கோடு பார்த்தேன்.
கரையின் விளிம்புக்கு
ஒரு சாண் கீழே வரை
தண்ணீர் வந்து போயிருந்தது.

கூடாரத்தில் பழைய கார்டைத் துழாவினேன்.
நினைவகம் சின்னது; கேமராப் படங்கள் பெரியவை.
இடம் போதாதபோதெல்லாம் கர்னல்
கொஞ்சம் பிடி என்று
ஒரு பக்கத்தைக் கார்டில் தள்ளும்,
திரும்ப வாங்கும், மறுபடி தள்ளும்.
இரவு பகல் இல்லை.
பிளாஷில் எழுதியதன் மேல் எழுத முடியாது,
அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.
அழிப்பதோ சில்லறையாய் முடியாது:
ஒரு வரி திருத்த
ஓர் அறைக்கே வெள்ளையடிப்பதுபோல.
ஒவ்வொரு வெள்ளையடிப்பிலும்
சுவர் கொஞ்சம் உதிரும்.
எறும்பு ஊரக் கல்லும் தேயும்.
எறும்பை ஏவியவள் நான்.
நிறுவும்போது ஸ்வாப்பை
இருந்தபடியே விட்டுவிட்டேன்.

அந்தப் பகுதியில் எஞ்சியவற்றைச் சேர்த்தபோது
பாதிப் படம் ஒன்று கிடைத்தது.
திரை முழுக்க யாக்கின் விலா,
கம்பத்தில் முதுகு தேய்த்தபடி.
சாத்திபால்தியிடம் நீட்டினேன்.
இது மிர்சாவின் கிழட்டு மாடு, என்றார்,
காதைக்கூடப் பார்க்காமல்.

புதுக் கார்டு போட்டு
ஸ்வாப்பை முழுக்க நிறுத்தினேன்.
பதினொரு மணிக்கு நினைவகம் நிரம்பியது.
யாரையாவது கொன்றால்தான் மற்றவர் பிழைப்பார் என்று
கர்னல் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது.
அளப்பவரை.
படமெடுப்பவர் நலமாயிருந்தார்.

விடியுமுன் வேறு வழி.
நினைவகத்துக்குள்ளேயே ஒரு மூலை ஒதுக்கி
பக்கங்களைக் கசக்கிச் சுருக்கி அங்கே அடுக்கு.
கார்டைக் கடைசி வரிசையில் நிற்க வை,
வேறு கதியே இல்லையென்றால் மட்டும் தொடு.
பதிவேட்டை மணிக்கொரு முறை எழுதினால் போதும்.
எழுதியபின் ஒரு தடவை
திரும்பப் படித்துப் பார்.
இந்தக் கடைசி வரியை
சென்ற ஆண்டே எழுதியிருக்கலாம்.

சாத்திபால்தி
கம்பத்தைச் சுற்றி முள்கம்பி கட்டினார்.
இறங்கினோம்.

ஊரில் சிக்னல் கிடைத்ததும்
போனைத் திறந்தேன்: மூன்று புள்ளி சுழியம் நான்கு.
மறுநாள் காலை: மூன்று புள்ளி சுழியம் நான்கு.
தேநீர் தொண்டையில் நின்றது.
மதியம் வரை
யாரோடும் பேசவில்லை.

பிறகு: மூன்று புள்ளி சுழியம் ஐந்து.

வெள்ளம் ஒரு சென்டிமீட்டர் நெருங்கியிருக்கிறது.
தெருவில் நின்று
கைதட்டினேன்.